அந்தப் பந்து வெளியேதான்

போன சனிக்கிழமை ஒரு கைத்தொலைபேசி வாயைத் திறக்காததால் என் மகள் ஓர் ஆட்டத்தைத் தோற்றாள்.

ஜொகூர் பாருவில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியிலிருந்து காரில் பத்து நிமிடம் போனால் கூரை போட்ட டென்னிஸ் திடல் ஒன்று வரும். மழை நனைக்காது, வெயில் சுடாது. பெற்றோர் உட்காரக் கண்ணாடி அறை, அதில் குளிரூட்டி, காப்பி எந்திரம். இனியாவுக்கு எட்டு வயது. சனிக்கிழமை காலையில் அவளைத் திடலுக்குள் அனுப்பிவிட்டு நான் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். வலைக் கம்பத்தின் உச்சியில் ஒரு கைத்தொலைபேசியை மாட்டி வைத்திருக்கிறார்கள். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால் அது 'அவுட்' என்று சொல்லும். மின்தூக்கியில் மாடி எண்ணைச் சொல்லுமே, அந்த மாதிரிக் குரல். கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை.

அன்று கடைசிப் பந்து இனியாவின் காலடியில், பின்கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவள் அடிக்கவில்லை. திரும்பித் தொலைபேசியைப் பார்த்தாள். அது பேசவில்லை. பேசாவிட்டால் பந்து உள்ளே என்று அர்த்தம். ஆட்டம் முடிந்தது. எதிரே ஆடிய பிள்ளையிடம் கை கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்தவளிடம் கேட்டேன்.

"நீ பாத்தியா இனியா?"

"என்னாத்தம்மா?"

"பந்து எங்க விழுந்துச்சுன்னு."

"ஃபோன் ஒண்ணும் சொல்லலையேம்மா."

"உன் கால்கிட்டதானே விழுந்துச்சு. நீ பாக்கலையா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அம்மா பழைய காலத்து ஆள் என்று முடிவு கட்டும்போது அவளுக்கு வரும் பார்வை அது. "நான் ஏன் பாக்கணும்? அதான் ஃபோன் பாக்குதில்ல."

தொலைபேசி செய்தது சரியாகத்தான் இருக்கும். எந்திரத்தோடு சண்டை போடும் ஆள் இல்லை நான். உண்மையைச் சொன்னால் எதனோடும் சண்டை போடும் ஆள் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு மின்தூக்கி வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். இனியாவுக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு காதிலும் வெப்பமானி வைப்பேன். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால் வெப்பமானி கெட்டுப்போயிருக்குமோ என்று யோசிப்பேன். அவளுடைய ஆசிரியைக்குக் குறுஞ்செய்தி அனுப்புமுன் நான்கு முறை படிப்பேன், அனுப்பிய பிறகு இரண்டு முறை. விடியுமுன் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற என் கணவர், ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் சந்தேகப்படுவாய் என்று கேட்பதை நிறுத்தி வெகு நாளாயிற்று.

ஆனால் இந்த உலகத்தில் ஒரே ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அது ஒரு பந்து. எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது இதே ஜொகூர் பாருவில் என் பக்கம் விழுந்த பந்து. அது வெளியேதான் விழுந்தது.

இதை யோசித்துக்கொண்டே இனியாவின் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அடுத்த பாடத்துக்காகப் பயிற்சியாளர் புதுப் பந்து டின் ஒன்றைத் திறந்தார். 'புஸ்' என்று காற்று பிரிந்தது. ரப்பரும் புதுக் கம்பளியும் கலந்த அந்த வாசனை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. என் மூக்குக்கு அது ஒருநாளும் தனியாக வராது. பின்னாலேயே ஆயில் மில் வாசனையையும் இழுத்துக்கொண்டு வரும். செம்பனைக் குலைகளை ஆவியில் வேகவைக்கும்போது எழும், கொஞ்சம் புளித்த, கொஞ்சம் இனித்த, சட்டையில் ஒட்டினால் இரண்டு துவைப்புக்குப் போகாத வாசனை. ஜொகூர் பாருவுக்கு வடக்கே, ரெங்கத்தில் நாங்கள் அதற்குள்தான் வளர்ந்தோம். அப்பா மில்லில் கிராணி, கணக்கு எழுதுபவர். மில்லுக்குப் பின்னால் வரிசை வீடு. வரிசை வீட்டுக்குப் பின்னால், முன்பு துரைமார்கள் ஆடிய ஒரு டென்னிஸ் திடல்.

துரைமார்கள் போய்ப் பல காலம் ஆகியிருந்தது. நான் பார்த்தபோது திடலில் டிராக்டர் நிற்கும், சில நாள் யார் வீட்டுப் பாயோ காயும். பழைய கிளப் கட்டடத்தைக் காலி செய்தபோது அப்பாவுக்கு இரண்டு மட்டைகள் கிடைத்தன. ஒன்றில் பாதி நரம்பு இல்லை. கழித்துக்கட்ட வேண்டிய சாமான்தானே என்று வேறு யாராவது இருந்தால் கையோடு கொண்டுவந்திருப்பார்கள். அப்பா மேனேஜருக்குக் கடிதம் எழுதி, கையெழுத்து வாங்கி, இரண்டு நகல் எடுத்து, அதற்குப் பிறகுதான் மட்டையை வீட்டுக்குள் கொண்டுவந்தார். அந்தக் கடிதம் இன்னும் அவருடைய கோப்பில் இருக்கிறது. இப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் நான் வருகிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

மட்டையைத் தூக்கிக்கொண்டு வரிசை வீட்டுப் பக்கம் நடந்தால் எல்லாரும் கேட்கும் கேள்வி, "பேட்மிண்டனா? இறகுப் பந்து எங்க?" என்பதுதான். இல்லை, டென்னிஸ் என்றால், "அது என்னா, பேட்மிண்டன் மாதிரிதானே?" என்பார்கள். பிறகு நான் தொழில்முறை ஆட்டக்காரியாகப் பல ஊருக்குப் போய்வந்த நாட்களிலும் உறவுக்காரர்கள் இதையேதான் கேட்டார்கள். நானும் ஒரு கட்டத்தில், ஆமாம் சித்தி, பேட்மிண்டன் மாதிரிதான், பந்து மட்டும் கொஞ்சம் கனம் என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

பள்ளி அணியில் சேர்ந்தேன். மாநிலப் பயிற்சிக்குத் தேர்வானேன். வாரக் கடைசியில் ரெங்கம் ஸ்டேஷனில் ரயில் ஏறி ஜொகூர் பாருவுக்குப் போவேன். அம்மா எனக்குக் குட்டைப் பாவாடை தைத்துக் கொடுத்தார். டென்னிஸில் சர்வீஸ் போடும்போது இரண்டாவது பந்தை எங்காவது வைத்துக்கொள்ள வேண்டும். மற்றப் பெண்கள் பாவாடைக்குள் இருக்கும் சிலுவாரில், அந்த அரைக்கால்சட்டையில், சட்டென்று செருகிக்கொள்வார்கள். அதை முதன்முதலில் பார்த்த அன்று அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். மறுவாரமே என் பாவாடையின் பக்கவாட்டில் ஒரு பெரிய பை தைத்துவிட்டார். ஓடும்போதெல்லாம் பந்து தொடையில் டொக் டொக்கென்று இடிக்கும். அந்தப் பையோடுதான் ஐந்து ஊர்களில் ஆடியிருக்கிறேன்.

இப்போது டென்னிஸில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் நீங்கள் பார்க்கும் பெரிய போட்டிகளில் உயரமான நாற்காலியில் நடுவர் இருப்பார். நாங்கள் ஆடியது தொழில்முறைப் போட்டிகளிலேயே கடைசிப் படி. அதிலும் தகுதிச் சுற்று. அதைத் தாண்டினால்தான் பிரதானச் சுற்று. தகுதிச் சுற்றில் ஆறு திடலுக்கு ஒரு நடுவர்தான். அவர் சுற்றிக்கொண்டே இருப்பார். அதனால் என் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று நானே சொல்ல வேண்டும். அவள் பக்கம் விழுவதை அவள் சொல்வாள். உடனே சொல்ல வேண்டும், சத்தமாகச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் பந்து உள்ளே என்று எதிராளிக்கே கொடுத்துவிட வேண்டும். அதுதான் சட்டம்.

சந்தேகம் வந்தால்! என்னைப் போன்ற ஒருத்தியின் கையில் இப்படி ஒரு சட்டத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்?

போதாக்குறைக்கு அம்மா வேறு. கிளினிக்கில் தன் எண் வந்தாலும் இருமுகிற ஆளுக்கு விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர். பாசாரில் காய்க்காரர் ஒரு தக்காளி கூடப் போட்டுவிட்டால் பாதி வழியிலிருந்து திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருபவர். டென்னிஸில் அவருக்குப் பிடித்த ஒரே விஷயம் இந்தச் சட்டம்தான். ஒவ்வொரு போட்டிக்குக் கிளம்பும்போதும் சொல்வார்: "சந்தேகமா இருந்தா குடுத்துடு பாப்பா. போனாப் போவுது. பொய் சொல்லி ஜெயிச்சான்னு பேரு வரக்கூடாது."

நான் கொடுத்தேன். கோட்டுக்கு ஒரு விரல் வெளியே விழுந்தது, இரண்டு விரல் வெளியே விழுந்தது, எல்லாவற்றையும் கொடுத்தேன். பள்ளிப் படிப்பு முடிந்து தொழில்முறைப் போட்டிகளில் இறங்கிய முதல் வருடம் முழுக்க அள்ளி அள்ளிக் கொடுத்தேன். ஏழு போட்டிகள். ஏழிலும் தகுதிச் சுற்றைத் தாண்டவில்லை.

காஹாங்கிலிருந்து வரும் ஷாமினி என்னோடு இரட்டையர் ஆட்டம் ஆடுபவள். வாயில் பூட்டுக் கிடையாது. ஏழாவது போட்டியில் தோற்ற அன்று இருவரும் திடல் படிக்கட்டில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலம் பிரித்தோம்.

"ஒனக்கு ஒரு பேரு வெச்சிருக்காங்க, தெரியுமா?" என்றாள்.

"யாரு?"

"எல்லாரும்தான். அவங்க இங்கிலீசுல என்னாமோ சொல்றாங்க. தமிழ்ல சொன்னா அன்னதானம்."

எனக்குப் புரியவில்லை.

"அலமாக், இதுகூடத் தெரியாதா? 'அவகூட ஆடுனா கோட்டுப் பக்கமா அடி, வெளிய விழுந்தாலும் அவ குடுத்துடுவா'ன்னு ட்ரெய்னிங்லயே சொல்லிக் குடுக்கறாங்கலா. நீ என்னாமோ தர்மம் பண்றதா நெனச்சிக்கிட்டு இருக்க. அவளுங்க வரிசையில நின்னு வாங்கிட்டுப் போறாளுங்க."

சிரித்துவிட்டுச் சாப்பிட்டாள். என்னுடைய நெத்திலியையும் அவளே எடுத்துக்கொண்டாள். "இதையும் குடுத்துடு," என்றாள்.

ரெங்கத்துக்குத் திரும்பும் ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து, அந்த வருடம் நான் கொடுத்த பந்துகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எதுவுமே எனக்குச் சந்தேகமாக இருந்ததில்லை என்பதுதான் வெட்கம். வெளியே விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். பார்த்த பிறகுதான் சந்தேகத்தைத் தேடி எடுத்திருக்கிறேன். எதிராளி முறைப்பாளே, நடுவர் வருவாரே, எல்லாரும் பார்ப்பார்களே. நான் கொடுத்தது தர்மமே இல்லை. பயம். அம்மா கொடுத்தது வேறு, நான் கொடுத்தது வேறு.

மறுநாளிலிருந்து மில்லுக்குப் பின்னாலிருந்த திடலில் பயிற்சி முடிந்ததும், தனியாக நின்று "அவுட்!" என்று கத்திப் பழகினேன். கையை நீட்டி, விரலைத் தூக்கி, "அவுட்! அவுட்!" டிராக்டரை எடுக்க வந்த டிரைவர் அண்ணன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "என்னாம்மா, யார வெளிய போவச் சொல்ற? இங்க நான் மட்டுந்தானே நிக்கிறேன்?" என்றார். முகம் சூடானது. ஆனாலும் அவர் போனதும் மறுபடி கத்தினேன்.

இதற்கிடையில் அப்பா எனக்காக ஓர் இடம் வாங்கி வைத்திருந்தார். பினாங்கில் தாதியர் பயிற்சிக் கல்லூரி. நல்ல கல்லூரி, சுலபத்தில் கிடைக்காது. திங்கட்கிழமை காலையில் போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். அதற்கு முந்தைய வாரக் கடைசியில்தான் ஜொகூர் பாருவில் என்னுடைய எட்டாவது போட்டி.

"ஒரு வருசம் பாத்தாச்சு," என்றார் அப்பா. அவர் குரலை உயர்த்துகிறவர் இல்லை. ஆயில் மில் பதிவேட்டைப் படிப்பதுபோலத்தான் எதையும் பேசுவார். "ஞாயித்துக்கெழம சாயந்தரம் ஆறு மணிக்கு லார்க்கின்ல பஸ்ஸு. நான் பெட்டியோட அங்க வந்துடறேன். அதுக்குள்ள நீ பெரிய சுத்துக்குப் போயிட்டா, நம்ம பேசுவோம். போவலன்னா பஸ் ஏறணும். சரியா?"

"சரிப்பா," என்றேன். எனக்குத் தெரிந்த பதில் அப்போதெல்லாம் அது ஒன்றுதான்.

சனிக்கிழமை இரண்டு ஆட்டம் ஜெயித்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். அம்மா காலை ரயிலில் டிபன் கேரியரோடு வந்தார். பக்கவாட்டு வேலிக்கு வெளியே, பின்கோட்டுக்கு நேர் எதிரில், ஒரு சிமெண்டுத் திட்டில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். நிழல் அங்கேதான் இருந்தது என்பதைத் தவிர அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் கிடையாது. எதிராளி வெளிநாட்டிலிருந்து வந்த உயரமான பெண். பெயர் சொல்லப்போவதில்லை, எங்கேயாவது என்னைப்போலவே ஒரு பிள்ளையின் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருப்பாள். திடலின் உள்பக்கம் பச்சை, கோட்டுக்கு வெளியே செங்கல் சிவப்பு. அந்தச் சிவப்பை மறந்துவிடாதீர்கள்.

முதல் செட் அவளுக்கு. இரண்டாவது எனக்கு. மூன்றாவதில், பழக்கதோஷம், மறுபடியும் இரண்டு பந்தைக் கொடுத்தேன். இரண்டாவதைக் கொடுத்தபோது வேலிக்கு வெளியே நின்ற ஷாமினி யாரையும் பார்க்காமல், வானத்தைப் பார்த்தபடி தமிழில் சத்தமாகக் கேட்டாள்: "பந்தி இன்னும் முடியலையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்தால் பயம் கொஞ்சம் விலகி உட்காரும் என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன்.

ஐந்துக்கு நான்கு. என் சர்வீஸ். மேட்ச் பாயின்ட். பாவாடைப் பையில் இரண்டாவது பந்து டொக் டொக்கென்று இடித்துக்கொண்டிருந்தது. நீண்ட ஆட்டம், வலமும் இடமுமாக அவள் என்னை ஓடவைத்தாள். பிறகு அவள் முழு பலத்தோடு அடித்த பந்து நேராகப் பின்கோட்டை நோக்கி வந்தது. நான் ஓர் அடி விலகி நின்று பார்த்தேன். அது விழுந்தது. வெள்ளைக் கோட்டுக்கும் மஞ்சள் பந்துக்கும் நடுவில் ஒரு கோடு சிவப்பு. இரண்டு விரல் அகலம். அந்தச் சிவப்பை நான் பார்த்தேன்.

"அவுட்!"

என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. பக்கத்துத் திடலில் ஆட்டம் நின்றுவிட்டது.

அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். தலையை ஆட்டினாள். வலை வரை வந்து, கோட்டைக் காட்டி என்னென்னவோ பேசினாள். அவளுடைய பயிற்சியாளர் வேலியைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். இவள் கொடுத்துவிடுவாள் என்று நம்பித்தானே இவ்வளவு தூரம் வந்தார்கள். நடுவரைக் கூப்பிட்டாள். மூன்று திடல் தள்ளி நின்றிருந்தவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மெதுவாக நடந்து வந்தார். மலாய்க்காரர், அப்பா வயது. அவர் பந்தைப் பார்க்கவில்லை. அதனால் அவர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். என்னிடம்தான் கேட்க வேண்டும்.

"ஆர் யூ ஷுவர்?"

பொய் சொல்லப்போவதில்லை. அந்த ஒரு நொடியில் எல்லாம் வந்தது. முறைக்கும் அவள், வேலியோரம் பயிற்சியாளர், குடைக்குக் கீழே அம்மா, லார்க்கினில் பெட்டியோடு அப்பா. பொய் சொல்லி ஜெயிச்சான்னு பேரு வரக்கூடாது. சந்தேகம் வந்து கையைப் பிடித்து இழுத்தது. நான் கோட்டைப் பார்த்தேன். சிவப்பு அங்கேயேதான் இருந்தது.

"யெஸ்."

"ஷுவர்?"

"ஷுவர்."

அவர் தலையசைத்தார். அவ்வளவுதான். அவள் கைகுலுக்க மூன்று விரலை மட்டும் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனாள். அவளுக்கும் பத்தொன்பது இருக்கும். அவளுக்காகவும் எங்காவது ஒரு பஸ் காத்திருந்திருக்கலாம். அதற்காக வருத்தப்படுகிறேன். பந்துக்காக வருத்தப்படமாட்டேன்.

அம்மா குடையை மடக்கிக்கொண்டு வந்தார். பந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "வேர்த்துக் கெடக்க. துண்டு எங்க?" என்றார்.

லார்க்கின் பஸ் நிலையத்தில் அப்பா பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஜெயிச்சிட்டேம்பா."

"அப்டியா." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி அஞ்சே கால். இன்னும் நேரம் இருக்கு."

"நான் பஸ் ஏறலப்பா."

"மொதல்ல எல்லாரும் பசியாறலாமா?" என்றார் அம்மா. அவருடைய சமாதானப் பேச்சுவார்த்தை எப்போதும் இப்படித்தான் தொடங்கும்.

அப்பா அசையவில்லை. "செவ்வாக்கெழம ஆடுவ. தோத்துட்டா? காலேஜ் பதிவு நாளையோட முடிஞ்சிடும். அப்பறம் அதுவும் இல்ல, இதுவும் இல்ல. தெரியுமா?"

"தெரியும்பா."

"யோசிச்சித்தான் சொல்றியா? நிச்சயமாவா?"

ஒரே நாளில் இரண்டாவது முறை. முதல் முறை இல்லாமல் இரண்டாவது முறை நான் வாயைத் திறந்திருப்பேனா என்று தெரியவில்லை.

"நிச்சயமாப்பா."

அவர் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். பஸ்கள் வந்தன, போயின. நான் தோளில் மட்டைப் பையோடு நின்றேன். உட்காரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் சட்டைப் பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்து, பெட்டியின் மேல் வைத்து இரண்டு நகல் எழுதினார். எனக்குக் கிடைத்த இடத்தை நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு கடிதம். "கையெழுத்துப் போடு," என்றார். போட்டேன். கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு எழுந்தார்.

"சரி. நான் போயிட்டு வந்துடறேன்."

"எங்கப்பா?"

"காலேஜுக்குத்தான்லா."

"அவதான் போவலங்கறாளே, நீங்க ஏங்க போறீங்க?" என்றார் அம்மா.

"வரலன்னு போய்ச் சொல்ல வேணாமா? லிஸ்ட்டுல அடுத்த பிள்ள காத்துக்கிட்டு இருக்கும்ல."

"ஒரு ஃபோன் போட்டா ஆவாதா?"

"நாளைக்கு ஃபோன் போட்டு, எவனோ எடுத்து, எவன்கிட்டயோ சொல்லி, அதுக்குள்ள அந்தப் பிள்ள வீட்டுக்குப் போயிடும்." பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். "இத நீ வெச்சிக்க. துண்டு, சிலிப்பரு எல்லாம் புதுசு. ஆடுற எடத்துக்குத் தேவப்படும்." ஆறு மணி பஸ்ஸில் என் இருக்கையில் அவர் ஏறி உட்கார்ந்தார். சன்னல் வழியாகக் கையாட்டவில்லை. அது அவருக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை நேராகத் திடலுக்கு வந்து சேர்ந்தார். பிரதானச் சுற்றில் என் பெயர். உயர நாற்காலியில் நடுவர். ஆறுக்கு ஒன்று, ஆறுக்கு இரண்டு என்று நான் தோற்பதைப் பார்க்கச் சரியான நேரத்துக்கு வந்திருந்தார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. "காலேஜு வாசல்ல பெட்டியோட ஒரு பிள்ள நின்னுச்சு. உள்ள கூப்ட்டாங்க," என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் ஆடினேன். அந்தப் பெட்டியோடு எத்தனையோ ஊர். விடுதி வாஷ்பேசினில் துவைத்து, மின்விசிறியில் காயவைத்த பாவாடை. ஷாமினியோடு பங்குபோட்ட அறை. உலகத் தரவரிசைப் பட்டியலில் ஒருநாள் என் பெயரும் வந்தது. எண்ணைச் சொல்லமாட்டேன், நான்கு இலக்கம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். பட்டியலின் அந்தப் பக்கத்துக்கு வர நீங்கள் கொஞ்ச நேரம் விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பிறகு தோள்பட்டை போயிற்று. பிறகு படிப்பு, வேலை, கல்யாணம், இனியா. தாதியாகியிருந்தால் இந்நேரம் நல்ல நிலையில் இருந்திருப்பாய் என்று சித்தி ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்கிறார். இருந்திருப்பேன்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நான்கு வருடத்தை வீணாய்ப்போனது என்று யாராவது சொன்னால் கையை நீட்டி விரலைத் தூக்கிவிடுவேன்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் ரெங்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். இத்தனை வருடமும் கேட்காத ஒன்றை அம்மாவிடம் கேட்டேன்.

"அம்மா, அன்னிக்கி பஸ் ஏறாம நின்ன நாளு. நீ கோட்டுக்கு நேரா எதிர்லதானே உக்காந்திருந்த. அந்தக் கடைசிப் பந்து எங்க விழுந்துச்சு?"

"இப்ப ஏன்டி கேக்கற?"

"சும்மாதான்."

"நான் கண்ண மூடிக்கிட்டு இருந்தேன்டி. முருகனக் கூப்ட்டுக்கிட்டு இருந்தேன். பந்தும் பாக்கல, ஒண்ணும் பாக்கல. நீ கத்துனதுதான் கேட்டுச்சு." சிரித்தார். "கத்துன கத்துல, வெளியதான்னு நெனச்சிக்கிட்டேன்."

போனை வைத்துவிட்டு இனியாவின் பயிற்சியாளருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமை ஒரே ஓர் ஆட்டம் மட்டும் கம்பத்திலிருந்து அந்தத் தொலைபேசியைக் கழற்றிவிட்டு ஆடவிடுங்கள், பிள்ளைகளே சொல்லட்டும் என்று. இரண்டாம் முறை படித்துப் பார்க்கவில்லை.

ரெங்கம் ஸ்டேஷன் இப்போது அந்தப் பழைய ஸ்டேஷன் இல்லை. பழைய ரயிலும் இல்லை. மில்லுக்குப் பின்னாலிருந்த திடலில் செம்பனைக் கன்று நட்டுவிட்டார்கள். ஷாமினி மெல்பர்னில் பல் மருத்துவர். நோயாளிகள் வாயைத் திறந்து வைத்திருக்க, இவள் மட்டும் பேசலாம். பெரிய போட்டிகளில்கூடக் கோடு பார்க்க ஆட்களை எடுப்பதில்லையாம், எந்திரம் பார்க்கிறது. அன்று நான் ஆடிய திடல்களை இடித்துப் பேரங்காடி கட்டியாகிவிட்டது. போன மாதம் சாமான் வாங்கப் போனபோது காரை நிறுத்திவிட்டு, தள்ளுவண்டியைப் பிடித்தபடி, பின்கோடு எந்தத் தூணுக்குப் பக்கத்தில் வரும் என்று கணக்குப் போட்டேன். கண்டுபிடிக்க முடியவில்லை. தரை முழுக்கச் சாம்பல் நிறம். சிவப்பு எங்கேயும் இல்லை.

கோடு இல்லை. பந்து இல்லை. நடுவர் எங்கே இருக்கிறாரோ தெரியாது. அம்மா பார்க்கவே இல்லை. அந்தப் பந்துக்கு இந்த உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே சாட்சி, பூட்டிய பூட்டை இழுத்துப் பார்க்கும் நான்தான். 'நிச்சயமா?' என்று கேட்கக்கூட இப்போது யாரும் இல்லை.

கேட்காவிட்டால் என்ன. வெளியே.